தள்ளி நின்று எடுத்த படங்கள்

அடுத்த அறையில் சூட்கேஸின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பாதி தூரம் வந்து நின்றது. பிறகு பின்னால் போனது. எதையோ எடுத்து வெளியே வைத்துவிட்டு வேறு எதையோ உள்ளே திணிக்கிறாள் போலிருக்கிறது.

வேலாமணி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நிலைப்படியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் கேமரா. முழங்கை நீளத்துக்கு நீண்டிருந்த அதன் லென்ஸ், அடுப்பு மேடையைத் தாண்டி, ஜன்னல் கம்பிகளின் இடைவெளி வழியாக, வெளியே ஜிமிக்கி போலத் தொங்கிய ஒரு சிவப்புப் பூவை நோக்கியிருந்தது. பூவின் நுனியில் ஒரு சிலந்தி. மிளகில் பாதிகூட இருக்காது. கேமராவின் திரையில் மட்டும் அது பூனைக்குட்டி அளவுக்கு உட்கார்ந்து, கறுத்துப் பளபளத்த கண்களால் அவளையே பார்த்தது.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்தி விரலை அழுத்தினாள். சத்தமே போடாத கேமரா அது. ஆனால் படம் ஆடிப்போயிருந்தது. அவள் அழுத்திய அதே நொடியில்தான் அடுத்த அறையில் ஜிப் கடைசிவரை ஓடி மூடிக்கொண்டது.

சுவாதி இன்றைக்குப் போகிறாள்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு என்று வந்தவள். மாப்பிள்ளை யுவன் ஊட்டியில் உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குமேல் காரில் வருவான். இவளை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போவான். அங்கிருந்து விமானம். கனடாவில் அவனுக்கு வேலை. திரும்பி வர எத்தனை வருஷமோ, அது அவனுக்கே தெரியாது.

மகள் தூரதேசம் போவதைக்கூட வேலாமணி தாங்கிக்கொள்வாள். தனியாக இருப்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. தாங்க முடியாதது வேறு. மறுவீட்டுக்கு வந்த மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெந்நீர் வேண்டும் என்றாள், சாப்பாடு போதும் என்றாள், அவ்வளவுதான். கல்யாண மேடையில் தொடங்கிய கோபம் அது. அந்தக் கோபத்தோடேயே அவள் விமானம் ஏறிவிடுவாளோ என்பதுதான் அன்று காலையிலிருந்து வேலாமணியின் நெஞ்சில் ஈரத்துணி போலக் கனத்துக்கொண்டிருந்தது.

மனசு கனத்தால் கேமராவை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்பது அவள் வழக்கம். இன்றைக்கு அது மகளை இன்னும் எரிச்சல்படுத்தும் என்று தெரிந்தும், கை தானாகப் போய் எடுத்துவிட்டது.

அந்தக் கேமரா அவளுடையதே இல்லை. அவள் கணவன் பாலமுருகனுடையது. வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க்காக இருந்தான். வாரமெல்லாம் கோப்புகளுக்கு நடுவே குனிந்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, அந்த நீள லென்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் கிளம்பிவிடுவான். குருவி, மரங்கொத்தி, தூரத்துச் சரிவில் மேயும் காட்டுமாடு. தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் அது. குன்னூர்ச் சரிவில், ரோட்டிலிருந்து படி இறங்கி வரும் இந்தச் சின்ன வீட்டில், பீரோவுக்குள் அதற்கென்று ஒரு தட்டே ஒதுக்கியிருந்தான். மலைக்குளிரில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று அந்தத் தட்டில் ஒரு சின்ன பல்பையும் மாட்டி, இரவும் பகலும் எரிய விட்டிருந்தான்.

எங்க ஊட்டுல குழந்தைக்குக்கூட இப்படிக் கணப்பு வெச்சதில்ல என்று வேலாமணி அவனைக் குத்திக்காட்டுவாள். அந்தக் குழாயை விட்டுட்டு என்ற மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க என்பாள்.

“இதுல பக்கத்துல இருக்கறவங்களைப் பார்க்க முடியாது வேலா. நீ கொஞ்சம் எட்டப் போய் நில்லு, பார்க்கறேன்” என்று சிரிப்பான்.

அவன்தான் எட்டப் போனான். ஒரு மழைக்காலத்துக் காலையில், மப்ளரைப் பாதி சுற்றியபடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதே கூடத்தில் உட்கார்ந்தான். ஜீப் வந்து, ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

சொந்தக்காரர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்தும் காரமடையிலிருந்தும் வந்து அழுதார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுவாதியும் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். புருஷனை இழந்தவள் சில மாதம் வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வேலாமணி தாண்டவில்லை. நாள் முழுவதும் மூடுபனி ஜன்னலை உரசிக்கொண்டு போவதையும், கீழே பள்ளத்தாக்கில் ரயில் கூவுவதையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

ஒரு நாள் அந்த பல்பு ஞாபகம் வந்தது. இனி யாருக்காக எரிய வேண்டும், அணைத்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு கதகதப்பு முகத்தில் வந்து மோதியது. கேமராவைத் தொட்டாள். உடம்புச்சூடு இருந்தது. அவன் இப்போதுதான் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனவன் போல.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ. பிறகு, அவன் செய்வது போலவே கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் எல்லாம் ஒரே சாம்பல் கலங்கல். உள்ளே ஏதோ முன்னும் பின்னும் ஓடித் தேடியது, பிடிபடவில்லை. கிட்டப் போனாள். இன்னும் கலங்கியது. எரிச்சலில் ஒரு அடி பின்னால் வந்தாள். கலங்கல் கொஞ்சம் குறைந்தது. இன்னொரு அடி. இன்னொன்று. சமையலறையை விட்டு வெளியே வந்து, நிலைப்படியில் முதுகு இடித்தபோது, சட்டென்று அந்தத் துளி தெளிந்து நின்றது. ஆரஞ்சுப் பழம் அளவுக்கு. அதற்குள் எதிர்மலை முழுவதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, தேயிலை வரிசைகளோடு.

ஒரு ஆள் படுத்திருக்கும் நீளம் தள்ளி நின்றால்தான் அந்த லென்ஸுக்குக் கண் தெரியும். அதே கூடத்தில்தான் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். வேலாமணி நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, அவன் போன பிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

பறவைக்காக வாங்கிய லென்ஸில் அவள் இலை நுனியையும் பூச்சியின் இறகையும் எடுக்கத் தொடங்கியது இப்படித்தான். வெளியே போக முடியாதவளுக்குப் பறவை எங்கே கிடைக்கும். ஜன்னலுக்கு வந்ததைத்தான் எடுக்க முடியும்.

சின்னதை எடுக்கிறவர்கள் சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டப் போவார்களாம். பூச்சி மிரண்டு பறந்துவிடும், எடுப்பவரின் நிழலே பூவின்மேல் விழும். இவளுடைய முறையில் அந்தத் தொல்லை இல்லை. பட்டாம்பூச்சிக்குத் தன்னை ஒருத்தி பார்ப்பதே தெரியாது. பூவுக்குப் பின்னாலிருக்கும் துணிக்கொடி, தகரக்கூரை, பக்கத்து வீட்டுச் சுவர் எல்லாம் பாலில் கரைந்த சாயம் போல ஆகிவிடும். பூ மட்டும் நிற்கும். ஆனால் தெளிவு என்பது ஒரு மயிரிழைதான். பூச்சியின் கண் தெளிந்தால் இறகு கலங்கும். மூச்சு விட்டால் கண்ணும் போய்விடும். அதனால் நிலைப்படியில் முதுகைக் கொடுத்து, இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டி, சுவரில் அடித்த ஆணி போல நிற்கக் கற்றுக்கொண்டாள்.

கேமராவின் நுணுக்கங்களை ஹாஸ்டலிலிருந்து போனில் சொல்லிக்கொடுத்தது சுவாதிதான். லென்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது தூரத்தை மட்டும் தேடச் சொல்லி வைத்திருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள் என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் வேலாமணிக்கு ஒரு எறும்பின் மீசை கிடைத்தது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு படம் மகளுக்குப் போகும். பதிலுக்கு ஒரு இதயம் வரும். உங்கம்மா எந்தக் காட்டுக்குள்ள போய் இதையெல்லாம் எடுக்கறாங்க என்று ஹாஸ்டலில் கேட்டார்களாம். சமையக்கட்டுல நின்னு என்று சொன்னதும் யாரும் நம்பவில்லையாம்.

துக்கம் முடிந்து, தேயிலை ஏலம் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் சாம்பிள் பொட்டலங்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போன பிறகும் அவள் பழக்கம் மாறவில்லை. கல்யாண வீடுகளில் பின்வரிசை. யாராவது ஊருக்குக் கிளம்பினால், எதிரே வந்து சகுனத்தடையாகிவிடக்கூடாது என்று உள்ளறை. யாரும் அவளைப் போகச் சொன்னதில்லை. அவளாகவே தள்ளிப் போனாள். தள்ளி நின்றாலும் எல்லாவற்றையும் கிட்டத்தில் பார்க்கத்தான் அவளிடம் ஒரு கண் இருந்ததே.

சுவாதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில், பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுப்பது அப்பாவும் அம்மாவும். அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமனும் அவன் மனைவியும் செய்வார்கள். கணவனை இழந்த அம்மா மேடை ஏறுவதில்லை. சுவாதி அதை ஒத்துக்கொள்ளவில்லை. மாமா பக்கத்தில் நிற்கட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டியது என்னைப் பெற்றவள்தான், நீங்கள் இல்லாமல் நான் கையை நீட்டமாட்டேன் என்று இதே சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். யுவன் வீட்டில் எந்தத் தடையும் சொல்லவில்லை. வேலாமணியின் தம்பி ஆறுக்குட்டியும், நீதானக்கா செய்யோணும் என்றான். வேலாமணி மகளின் கன்னத்தைத் துடைத்து, சரி கண்ணு, நான் வர்றேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடையின் முதல் படியில் காலையும் வைத்துவிட்டாள். அப்போது மாப்பிள்ளையின் அம்மா, எந்தக் கள்ளமும் இல்லாமல், நீங்க எந்தப் பக்கம் உட்கார்றீங்க சம்பந்தி, பாய் போடச் சொல்லட்டுங்களா என்று கேட்டாள். அவ்வளவுதான். வேலாமணியின் கண்ணுக்கு மேடையில் இருந்த மஞ்சள், குங்குமம், தாலித்தட்டு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தன. அவற்றின் நடுவே தன் வெறும் நெற்றியும் தெரிந்தது.

நான் போட்டோ எடுக்கோணுங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

மண்டபத்தின் பக்கவாட்டில் ஒரு தூண். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். வீட்டு நிலைப்படி போலவே அது தாங்கிக்கொண்டது. ஆறுக்குட்டியும் அவன் மனைவியும் தண்ணீர் ஊற்றினார்கள். சுவாதி கையை நீட்டினாள். அதற்குப்பிறகு அவள் அம்மாவிடம் பேசவில்லை.

இவையெல்லாம் நடந்து முடிந்து, இன்று கடைசி மத்தியானமும் வந்துவிட்டது. சுவாதிக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பும் ரசமும் வைத்திருந்தாள். ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் தேயிலைத்தூளும் தனியாகக் கட்டி வைத்திருந்தாள். சுவாதி சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஜன்னலோரம் இருந்த கட்டிலில் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள். மூடுபனி வழியே வந்த வெளிச்சம் அவள் முகத்தில் மாவு பூசினாற்போல் விழுந்தது. புதுத்தாலியின் மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டியிருந்தது.

வேலாமணிக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு படம் எடுத்துக்கறேன் கண்ணு என்று கேமராவைத் தூக்கினாள். சுவாதி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

சின்ன அறை. திரையில் மகளின் முகம் வெறும் மஞ்சள் கலங்கலாக நின்றது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடித் தோற்றது. வேலாமணி ஒரு அடி பின்னால் வைத்தாள். போதவில்லை. இன்னொரு அடி. கதவை முதுகால் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அங்கிருந்தும் முகம் முழுதாக அடங்கவில்லை. இன்னும் நகர்ந்து வாசல்வரை போய்விட்டாள்.

“ஏனுங்ம்மா, இன்னும் எவ்வளவு தூரம் போவீங்க?” என்றாள் சுவாதி.

பல நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த ‘அம்மா’ அது. வேலாமணி கேமராவை இறக்கினாள். இதில் அப்படித்தான் கண்ணு, தள்ளி நின்றால்தான் தெளியும் என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

“கல்யாணத்துல எடுத்தீங்களே, அதைக் காட்டுங்க” என்றாள் சுவாதி.

அதுவரை அந்தப் படங்களைப் பார்க்க மாட்டேன் என்று இருந்தவள் அவள். வேலாமணிக்கு உயிர் வந்தது. இதைப் பார்த்தால் புரிந்துகொள்வாள், தான் எங்கேயும் போய்விடவில்லை என்று தெரிந்துகொள்வாள் என்று நினைத்தாள். அந்த அறையிலிருந்த டி.வி.யில் கேமராவை இணைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கல்யாணத்துக்கென்று வந்த போட்டோக்காரர்கள் மேடையில் முட்டிமோதி எடுத்த எதுவும் இவற்றுக்கு முன்னால் நிற்காது. தாலிக்கயிற்றில் முடிச்சைப் போடும் யுவனின் விரல்கள், நகக்கண்ணில் மஞ்சள். பின்கழுத்தில் சுருண்ட முடி, அதில் சிக்கிக்கொண்ட ஒரு அட்சதை. மருதாணிக் கைமேல் தண்ணீர் விழுந்து உடையும் அந்த ஒரு கணம். சுவாதியின் உதடு லேசாகத் திறந்துகொண்டது. அழகாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் முகம் இளகியிருந்தது. இவ்வளவு கிட்டத்திலா நின்றீர்கள் என்று கேட்டாள். தூணுக்குப் பக்கத்தில் கண்ணு என்று வேலாமணி பெருமையோடு சொன்னாள்.

அடுத்த படம் வந்தது. சுவாதியின் முகம் மட்டும், டி.வி. முழுக்க. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எங்கேயோ அலைந்துகொண்டிருந்தன. இமையில் ஒரு துளி கீழே விழாமல் நின்றது. அத்தனை படங்களிலும் அதுதான் மிகத் தெளிவான படம்.

“இது எப்ப எடுத்தது?”

தாரை வார்ப்பதற்குச் சற்று முன்னால் என்றாள் வேலாமணி.

“உங்களைத் தேடிட்டிருந்தேன்.”

“தெரியும் கண்ணு. பார்த்தேன்.”

“பார்த்துட்டு, போட்டோ எடுத்தீங்க.”

வேலாமணி திரையைப் பார்த்தாள். டி.வி.யில் அந்தக் கண்கள் தேடிக்கொண்டே இருந்தன. அந்த நேரத்தில் தன் உடம்பு என்ன செய்தது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூச்சைப் பிடித்தது. கண்ணில் தெளிவு வரும்வரை காத்திருந்தது. பிறகு அழுத்தியது. நாலு எட்டு நடந்திருந்தால் மேடை. அவள் நடக்கவில்லை.

சுவாதி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை.

“உங்களுக்கு நான் கிட்டத்துல இருந்தேனுங்ம்மா. என்ற கண்ணீரை எண்ணற அளவுக்குக் கிட்டத்துல. எனக்கு நீங்க எங்க இருந்தீங்க? அந்தக் கூட்டத்துல ஒரு பொட்டு மாதிரிகூடத் தெரியல. என்னை விட்டுட்டு எங்கயோ போயிட்டீங்கன்னு நெனச்சேன். அப்பாதான் இல்ல, நீங்களுமான்னு நெனச்சேன்.”

எத்தனையோ வருஷமாக யாரிடமும் சொல்லாததை, வேலாமணி மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பயம் கண்ணு. உங்கப்பா மேல நான் வெச்ச ஆசை கொஞ்சநஞ்சமில்ல. நான் ஆசையாத் தொட்டது எனக்கு நிக்கல. அதே கையால உன்னையும் தொட்டுக் கொடுத்து, நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?”

“அப்பா நெஞ்சுவலில போனாரு. உங்க கையால இல்ல.”

“அது எனக்கும் தெரியுது. இந்தக் கைக்குத் தெரியலயே.”

இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே கட்டில்தான். நடுவில் கேமரா கிடந்தது.

மேலே ரோட்டில் ஹாரன் அடித்தது. யுவன் வந்துவிட்டான். பர்லியாறு வளைவுகளில் பனி இறங்குவதற்குள் மலையைக் கடக்க வேண்டும், அதனால் தான் வீட்டுக்கு இறங்கி வரவில்லை என்று போனில் சுவாதியிடம் சொன்னான்.

அதே நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மேல்வீட்டு ராக்கம்மா தட்டோடு வந்துகொண்டிருந்தாள். கட்டுக்கழுத்தோடு இருக்கும் சுமங்கலி. புதுப்பெண் வெளியூர் கிளம்பும்போது குங்குமம் வைத்து, மடியில் தேங்காயும் பழமும் போட்டு அனுப்ப ஒருத்தி வேண்டுமே என்று வேலாமணிதான் நேற்றே போய்க் கூப்பிட்டிருந்தாள்.

“என்ன புதுப்பொண்ணு, கனடாவுல நம்மூரை விடக் குளிராமா? ஸ்வெட்டர் நெறைய எடுத்துக்கிட்டியா? அங்க போயி என்ற வெத்தலைக்கு ஏதாச்சும் வழி பண்ணு” என்று பேசிக்கொண்டே ராக்கம்மா உள்ளே வந்தாள். கட்டிலில் இருந்த கேமராவைப் பார்த்து, “வேலாமணி, உன்ற பீரங்கியை எடுத்து ஓரமா வெய்யி, மாப்பிள்ளை பயந்துக்கப் போறாரு” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

தட்டைக் கீழே வைத்து, குங்குமச்சிமிழைத் திறந்தாள். பிறகு, பொல்லாப்பு எதுவும் நினைக்காமல், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

“நீ கொஞ்சம் அந்தப்பக்கம் போய் நின்னுக்க. நான் வெச்சு உட்டுர்றேன்.”

வேலாமணியின் கால்கள் பழக்கதோஷத்தில் அறையின் நிலைப்படியை நோக்கி நகர்ந்துவிட்டன. முதுகு மரச்சட்டத்தில் பட்டது. அங்கிருந்து பார்த்தாள். சுவாதி எழுந்து, ராக்கம்மாவுக்கு நெற்றியைக் காட்டி நின்றாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. எதையும் தேடாத முகம் அது. தேடிப் பார்த்து, இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்ட முகம்.

அந்த முகத்தைப் பார்த்ததும்தான் வேலாமணிக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

“அக்கா, அதை இங்க கொடுங்க.”

ராக்கம்மாவின் விரல் நெற்றிக்கு முன்னால் நின்றது. “எதை?”

“சிமிழை.”

“நீயா? ஏன் வேலாமணி, ஒரு நல்லது பொல்லாதது...”

“என்ற பொண்ணுங்க அக்கா.”

ராக்கம்மா சுவாதியைப் பார்த்தாள். சுவாதி தலையைக் குனிந்துகொண்டாள். ராக்கம்மா சிமிழை வேலாமணியின் கையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள்.

கிட்டப் போவது எப்படி என்று அந்தக் கால்களுக்கு மறந்தே போயிருந்தது. மூச்சுக்காற்று படும் தூரத்தில் மகளின் முகம். நெற்றியும் புருவமும் மூக்குத்தியும் கண்ணீரில் ஒன்றாகக் கலங்கின. எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. எங்கே வைக்கிறோம் என்று தெரியாமலே, மோதிரவிரலால் குங்குமத்தை வைத்தாள். கொஞ்சம் மூக்கின்மேல் உதிர்ந்தது. அதை ஊதினாள். சுவாதி சின்னப்பிள்ளையாக இருந்தபோது கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவது போல. உச்சி வகிட்டிலும் வைத்தாள். பிறகு அந்தக் கையைக் கன்னத்திலேயே விட்டுவிட்டாள், எடுக்கத் தெரியவில்லை.

சுவாதி கண்களை மூடியிருந்தாள். மூடிய இமைகளிலிருந்து நீர் இறங்கி வேலாமணியின் விரல்களை நனைத்தது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாகத்தான் பிடித்தாள். ஆனால் அவள் சொன்னது இதுதான்:

“இதை அன்னிக்குச் செஞ்சிருக்கலாமேங்ம்மா.”

கோபம் அதில் இல்லை. கோபம் இருந்த இடத்தில் ஆறாத ஒன்று இருந்தது. வேலாமணி தலையை ஆட்டினாள். ஆமாம் கண்ணு என்றாள். போன முகூர்த்தத்தை எந்தத் தாயாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஹாரன் மறுபடி அடித்தது. வேலாமணி தேங்காயையும் பழத்தையும் மகளின் மடியில் போட்டாள். ராக்கம்மா வர்க்கிப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் படியேறினாள், சகுனம் பார்க்க. சுவாதி சூட்கேஸை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலே வரை வரட்டுமா என்று வேலாமணி கேட்டாள். படி வழுக்கும் வேண்டாம் என்றாள் சுவாதி. போய் இறங்கியதும் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிடுவாளா என்று வேலாமணி கேட்கவில்லை.

“போயிட்டு வர்றேனுங்ம்மா.”

“மகராசியா போயிட்டு வா.”

எதிரே நின்றுதான் வழியனுப்பினாள். உள்ளறைக்குப் போகவில்லை. நாலைந்து படி ஏறியதும் சுவாதி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் குங்குமம் கோணலாக இருந்தது. அதைச் சரிசெய்துகொள்ளாமலே கையை அசைத்தாள். படி திரும்பும் வளைவில் ஒரு புதர்ச்செடி அவளை மறைத்தது. கார்க்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பி, முதல் வளைவில் ஒலி மங்கி, இரண்டாவது வளைவில் மலைக்குள் போய்விட்டது.

போனவர்கள் கண்ணுக்கு மறையும் முன் கதவைச் சாத்தக்கூடாது என்பார்கள். மறைந்து வெகுநேரம் ஆன பிறகும் வேலாமணி நின்றுகொண்டிருந்தாள். விரல்நுனியில் குங்குமம் ஈரமாக ஒட்டியிருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய பனி படிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து வாசலைத் தொட்டது.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.